செருப்பை ஒளிக்கும் மாமி

வவுனிக்குளம்,
மல்லாவி.
09.03.2024

அன்புள்ள மாமிக்கு,

மருமகள் தர்மிளா எழுதுவது. நான், இவர், யது மூவரும் சுகம். பிள்ளைப்பேறு பார்க்கப் போன நீங்களும் தர்சினி மச்சாளும் கைக்குழந்தையும் சுகமாயிருக்க வற்றாப்பளை அம்மன் துணை நிற்கட்டும்.

போனில் கதைத்தால் உங்களுக்குச் சத்தம்தான் கேட்கிறது, சொல் விளங்குவதில்லை. போன கிழமை கோழி குஞ்சு பொரித்துவிட்டது என்றேன். நீங்கள் “ஐயோ, ஆர் செத்தது?” என்று கேட்டு மச்சாளைப் பயமுறுத்திவிட்டீர்கள். ஆகவே இனிக் கடிதம்தான்.

வெட்டு முடிந்து நெல்லைக் காயவைத்துக் கட்டிவிட்டோம். யதுவின் முன்பல் விழுந்துவிட்டது. அப்பம்மாவுக்கு எழுதச் சொன்னாள்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் மாதர் சங்கம் பிரதேச கலை விழாவுக்கு நாடகம் போடப்போகிறது. பாடசாலையில் நாடகம் படிப்பிக்கிற நிரோஜா ரீச்சர்தான் எழுதிப் பழக்குகிறா. பெண்கள் மட்டும்தான் நடிப்பது. என்னையும் ஒரு பாத்திரத்துக்குக் கேட்டா. படிக்கிற காலத்துக்குப் பிறகு நான் மேடைப் பக்கமே போனதில்லை. இவரிடம் கேட்டேன். “அம்மாட்டைக் கேளும்” என்றார். குடும்பக் கதைதான். பின்னேரத்தில்தான் பழக்கம். நடிக்கட்டா மாமி?

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்,
மருமகள் தர்மிளா

*

கல்லடி,
மட்டக்களப்பு.
24.03.2024

அன்பின் பிள்ளை தர்மிளாவுக்கு,

மாமி கமலாசனி எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். குழந்தைக்கு முப்பத்தொன்றாம் நாள் சடங்கு முடிந்தது. மூக்கு அப்படியே உங்கள் மாமாவின் மூக்கு. அவர் இருந்து பார்க்கவில்லையே என்றுதான் கவலை.

நாடக விடயம். பெண்கள் மட்டும் என்றால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மேடையில் ஏறினால் பத்துப் பேர் பத்துக் கதை கதைப்பார்கள். சின்னப் பாத்திரமாக எடும். பொழுதுபட முன்னர் வீட்டுக்கு வந்துவிடும். யதுவைத் தனியே விடாதையும். பிரதாபனுக்குச் சாப்பாடு பிந்தக் கூடாது, பசி வந்தால் என் மகனுக்குக் கோபமும் வரும்.

இது மாடி வீடு. மருமகன் நல்ல பிள்ளை, ஒரு குறையும் வைப்பதில்லை. காலையில் வங்கிக்குப் போகும்போது வெளிக்கதவைப் பூட்டித் திறப்பைக் கொண்டு போகிறார். நான் வெளியே போய் வழி தவறிவிடுவேனாம். ஜன்னலால் பார்த்தால் ஒரு துண்டு வாவி தெரிகிறது.

உங்கள் நலத்தை எண்ணியபடி,
மாமி

*

வவுனிக்குளம்
18.04.2024

அன்புள்ள மாமிக்கு,

வருடப்பிறப்பை நாங்கள் சந்தோஷமாகக் கொண்டாடினோம். நீங்கள் இல்லாததால் பலகாரத்துக்குப் பதம் சரிவரவில்லை, முறுக்கு கல்லாகிவிட்டது. இவர் ஒன்றும் சொல்லாமல் தேநீரில் நனைத்துச் சாப்பிட்டார். எல்லோரும் சுகம்.

நாடகத்துக்குப் பெயர் ‘பல்லுக்கொதி’. நான் பூமணி என்கிற மனைவி. சின்னப் பாத்திரம் என்று சொல்ல ஏலாது, கொஞ்சம் வசனம் இருக்கிறது. உழவு இயந்திரம் ஓட்டுகிற சிவலட்சுமி அக்காதான் எனக்குப் புருஷன். சாரமும் மீசையும் போட்டால் அசல் ஆம்பிளைதான்.

கதை இதுதான். பூமணிக்குப் பல்லுக்கொதி, வலி தாங்க ஏலாது. ஆசுப்பத்திரிக்குப் போகப் புருஷனிடம் கேட்கிறாள். அவன் “அம்மாட்டைக் கேள்” என்கிறான். மாமியிடம் போனால் “அவன்ட்டைக் கேள்” என்கிறா. பூமணி கன்னத்தைப் பொத்திக்கொண்டு மேடையின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடக்கிறாள். ஒவ்வொரு தரமும் வாய்க்குள் கொஞ்சம் பஞ்சு வைப்பேன், கன்னம் வீங்கிக்கொண்டே வரும். பார்க்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எனக்கென்றால் அப்படி நடக்க நடக்கச் சிரிப்பு வருவதில்லை. ஏனென்று தெரியவில்லை.

விமலேஸ்வரி அக்காவும் நடிக்கிறா. உங்களை விசாரித்தா.

குழந்தைக்கு என் முத்தங்கள்.
மருமகள் தர்மிளா

*

கல்லடி
06.05.2024

தர்மிளாவுக்கு,

நாங்கள் சுகம்.

எங்கள் ஊர் நல்லதம்பியின் மனைவி இங்கே ஒரு கலியாண வீட்டுக்கு வந்தவள், என்னையும் பார்க்க வந்தாள். நீர் எழுதாமல் விட்டதையெல்லாம் அவள் வாயால் அறிந்தேன். அந்த மாமியாக நடிப்பது விமலேஸ்வரியாம். மருமகள் வெளியே போகாதபடி அந்த மாமி செருப்பை ஒளித்து வைப்பாளாம். காதும் கேளாதவளாம். பூமணி “பல்லு” என்றால் அவள் “நெல்லோ?” என்று காதில் கையை வைத்துக் கேட்பாளாம். சனமெல்லாம் சிரிக்குமாம்.

இந்தக் காது எப்படிப் போனது என்று உமக்குத் தெரியும். முள்ளிவாய்க்காலில் தர்சினியை என் உடம்புக்குக் கீழே அமத்திக்கொண்டு கிடந்தபோது போனது. அது சிரிக்கிற காதா?

பல்லுக்கொதி என்று நீர் எந்த நாளாவது என்னிடம் வந்து நான் மறித்திருக்கிறேனா? யோசித்துப் பாரும்.

நாடகம் உமது விருப்பம். என்னிடம் இனிக் கேட்கத் தேவையில்லை.

கமலாசனி

*

வவுனிக்குளம்
12.05.2024

அன்புள்ள மாமிக்கு,

உங்கள் கடிதத்தைக் குசினியில் நின்றே வாசித்தேன். அடுப்பில் இருந்த பருப்பு அடிப்பிடித்துவிட்டது. நீங்கள் சுகமாயிருக்க வேண்டும் என்றுதான் முதலில் எழுத வருகிறது.

காது கேளாதது ரீச்சர் எழுதியதல்ல. ஒருநாள் பழக்கத்தில் விமலேஸ்வரி அக்கா தன்பாட்டில் அப்படிச் செய்தா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் மாமி. சிரித்த பிறகுதான் உங்கள் முகம் ஞாபகம் வந்தது, வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. நேற்றுப் போய்ச் சொன்னேன். அக்காவின் முகம் செத்துப்போய்விட்டது. “கமலாசனி அக்காவை நினைச்சுச் செய்யேல்லையடி. சனம் சிரிக்கட்டும் எண்டு செய்தனான்” என்றா. இனிச் செய்யமாட்டா.

செருப்பு ஒளிப்பது மட்டும் ரீச்சர் எழுதியதுதான். அதை உங்களுக்கு எழுதப் பயமாக இருந்தது.

பல்லுக்கொதிக்கு நீங்கள் மறித்ததில்லை, உண்மை. நான் உங்களிடம் வந்து சொன்னதும் இல்லை.

நாடகத்தை விடச் சொன்னால் விட்டுவிடுகிறேன்.

மன்னிப்பைக் கேட்டபடி,
தர்மிளா

*

வவுனிக்குளம்
15.06.2024

அன்புள்ள மாமிக்கு,

ஒரு மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. நீங்கள் சுகம் என்று மச்சாள் போனில் சொன்னா. பின்னால் உங்கள் குரலும் கேட்டது, குழந்தையோடு கதைத்துக்கொண்டிருந்தீர்கள். என்னோடு கதைக்க வரவில்லை.

நீங்கள் விடு என்றும் சொல்லவில்லை, நடி என்றும் சொல்லவில்லை. பழக்கத்துக்குப் போய் வருகிறேன். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய் உங்கள் பெயரில் அருச்சனை செய்வித்தோம்.

நாடகத்தின் முடிவை ரீச்சர் எழுதி முடித்துவிட்டா. பூமணி கன்னம் வீங்கிக் காய்ச்சலோடு விழுகிறாள். புருஷன் பதறி ஓடிவந்து, சனத்தைப் பார்த்து நீளமாகப் பேசுகிறான். கடைசியில் “பூமணி, இண்டையிலையிருந்து நீ எங்கை வேணுமெண்டாலும் போகலாம்!” என்கிறான். செருப்பை அவனே எடுத்து வந்து அவளின் காலில் போட்டுவிடுகிறான். மாமி வெட்கித் தலை குனிகிறா. எல்லோரும் கை தட்ட வேண்டும்.

ஒருநாள் இவர் என்னைக் கூட்டிப்போக வந்தபோது நின்று பார்த்தார். அந்த முடிவு இவருக்கு நல்லாகப் பிடித்துவிட்டது. வழி முழுக்க அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

எனக்கு ஒரு வரியாவது எழுதுங்கள் மாமி. கோபமாக எழுதினாலும் பரவாயில்லை.

தர்மிளா

*

கல்லடி
28.06.2024

அன்பின் பிள்ளைக்கு,

நான் சுகம். நீரும் யதுவும் பிரதாபனும் சுகமாயிருக்க வேண்டும். கோபத்தில் எழுதாமல் இருக்கவில்லை. முதலில் கோபம்தான். பிறகு அந்த மாமியைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிட்டேன். வீட்டில் பூட்டிக் கிடப்பவளுக்கு யோசிக்க நேரம் உண்டு.

அவள் ஏன் செருப்பை ஒளிக்கிறாள் என்று உங்கள் ரீச்சர் எழுதவில்லை. வெளியே போன பிள்ளைகள் திரும்பி வராத காலத்தில் இருந்தவள் அவள். அந்த நாளில் பிரதாபன் படலை தாண்டக் கூடாதென்று அவனின் சைக்கிளுக்குக் காற்றைத் திறந்துவிட்டவள் நான். அது பயம். இப்போது அந்தக் காலம் இல்லை, அதுவும் தெரியும். பயம் போன பிறகும் கை பழக்கத்தில் ஒளிக்கிறது. அதை வேண்டுமென்றால் காட்டுங்கள், நான் குறை சொல்லமாட்டேன்.

மற்றது அந்த முடிவு. அவன் போகலாம் என்றான், அவள் போனாள், சனம் கை தட்டியது. அவன் போகலாம் என்று சொல்லாவிட்டால்? பல்லு அவளுடையது, செருப்பும் அவளுடையது. கடைசிவரை போக விடுகிறவன் அவன்தானே. அப்படியென்றால் என்ன மாறினது?

இதைக் கேளும். போன மாதம் வற்றாப்பளைப் பொங்கலுக்கு ஊருக்கு வரவேண்டும் என்றேன். மருமகன் தனக்கு லீவு இல்லை என்றார். தர்சினி அண்ணனோடு போனில் கதைத்தாள். பிரதாபன் சிறுபோக வெட்டு முடிய வந்து கூட்டிப்போவானாம். எனக்குக் காது கேளாதாம், தனியே பஸ் ஏறக் கூடாதாம். மூன்று பேரும் கதைத்து முடித்துவிட்டார்கள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை.

அந்த மாமிக்கு இதையும் எழுதச் சொல்லும். காது கேளாதவளாகவே இருக்கட்டும். ஆனால் சனம் சிரிக்கிறதற்காக அல்ல.

மாமி

*

வவுனிக்குளம்
21.07.2024

அன்புள்ள மாமிக்கு,

நாங்கள் சுகம். உங்கள் கடிதம் வந்த அன்று நான் பட்ட சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. உடனே பதில் போடாததற்குக் காரணம் இந்த நாடகம்தான், எல்லாவற்றையும் மாற்றிவிட்டோம்.

நீங்கள் எழுதியதைப் பழக்கத்தில் வாசித்துக் காட்டினேன். ரீச்சர் பேனையை எடுத்துப் பழைய முடிவைக் கோடு போட்டு வெட்டினா. பிறகு “நான் கலியாணம் கட்டாதவள். கெட்ட மாமி, நல்ல புருஷன் எண்டு எழுதுறது சுகமாயிருந்தது” என்றா. விமலேஸ்வரி அக்கா அழுதேவிட்டா. புதிதாக எழுதியது இப்படி. மாமிக்கும் காதுக்குள் நோ. மகன் ஆசுப்பத்திரிக்குக் கூட்டிப்போவான் என்று மாதக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறா. ஒரு வீட்டுக்குள் இரண்டு பேரும் நோவை மறைத்துக்கொண்டு திரிகிறார்கள். கடைசியில் மாமி தானே செருப்பை எடுத்து வருகிறா. “நானும் வாறன்” என்கிறா. இருவரும் இறங்கிப் போகிறார்கள். புருஷன் வந்து வெறும் வீட்டைப் பார்த்து, சனத்திடம் கேட்கிறான்: “எங்கை போட்டினம், ரெண்டு பேரும்?” அதோடு முடிவு.

போன சனிக்கிழமை மல்லாவியில் மேடையேற்றினோம். சிவலட்சுமி அக்கா அப்படிக் கேட்டதும் சனத்துக்குள்ளிருந்து ஒரு வயதான அம்மா எழும்பி “ஆசுப்பத்திரிக்கடா!” என்று கத்தினா. மண்டபமே அதிர்ந்துவிட்டது. எங்களுக்குத்தான் முதற்பரிசு.

அடுத்தது முல்லைத்தீவில், மாவட்ட மட்டத்தில். ஒரு இரவு தங்க வேண்டும். போகிற விடயம் இன்னும் முடிவாகவில்லை. இவருக்கு வயல் வேலை நிறைய. மற்றபடி எல்லாம் நல்லாக இருக்கிறது.

குழந்தை குப்புறப் படுக்கத் தொடங்கிவிட்டானா?

தர்மிளா

*

கல்லடி
02.08.2024

அன்பின் பிள்ளைக்கு,

எல்லோரும் சுகம். குழந்தை குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கிப் பார்க்கிறான். பரிசுக் கதையைத் தர்சினிக்கு வாசித்துக் காட்டினேன். அந்தக் கிழவி கத்தின இடத்தை இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னாள்.

மாவட்ட விடயத்தை நீர் மூன்று வரியில் முடித்துவிட்டீர். நாடகத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர், பிரதாபன் அதைப் பார்த்தானா, என்ன சொன்னான் என்று ஒரு சொல் எழுதவில்லை. தர்சினியைக் கொண்டு போனில் அவனிடம் கேட்பித்தேன். அவனும் வயல் வேலை என்றான். புருஷனும் பெண்சாதியும் ஒரே பொய்யைச் சொன்னால் தாய்க்கு விளங்கும்.

அவனுக்கு நான் எழுதி உம்மை விடச் சொல்லலாம். எழுதினால் விடுவான். ஆனால் எழுதப்போவதில்லை பிள்ளை. நான் சொல்லி அவன் விட்டால் அதுவும் உங்கள் பழைய முடிவுதான், செருப்பைப் போட்டுவிடுகிற ஆள் மட்டும் வேறு. இதை நீர்தான் அவனிடம் சொல்ல வேண்டும். கஷ்டம் என்று தெரியும். எனக்கும் இந்தக் கிழமை கஷ்டமாகத்தான் இருந்தது.

நான் வருகிறேன். வெள்ளிக்கிழமை, பதினாறாம் திகதி யாழ்ப்பாணப் பஸ்ஸில் ஏறி மாங்குளத்தில் இறங்கி மல்லாவி பஸ் எடுப்பேன். மருமகனிடம் கேட்கவில்லை, சொன்னேன். அவர் தர்சினியைப் பார்த்தார். தர்சினி அழுதாள், பிறகு சண்டை பிடித்தாள், பிறகு கொண்டக்டரிடம் காட்ட ஒரு மட்டையில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதித் தந்தாள். காது கேளாது, மாங்குளத்தில் இறக்கவும் என்று. வெட்கமாகத்தான் இருக்கிறது. பரவாயில்லை.

அடுத்த தரம் முகம் பார்த்துக் கதைப்போம்.
மாமி

*

வவுனிக்குளம்
11.08.2024

அன்புள்ள மாமிக்கு,

இந்தக் கடிதம் நீங்கள் புறப்பட முன்னர் கிடைக்குமோ, அதற்குள் நீங்களே வந்துவிடுவீர்களோ தெரியாது. சுகமாக வந்து சேருங்கள்.

உங்களுக்கு எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். மல்லாவியில் நாடகம் முடிந்த அன்று இவர் பின்னால் நின்றவர். அடுத்த நாள் உரக்கடையில் யாரோ “உம்மடை வீட்டுக் கதையோ?” என்று கேட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து நாடகம் என்ற சொல்லையே வீட்டில் எடுப்பதில்லை. முல்லைத்தீவு என்றதும் “மல்லாவியிலை நடிச்சது காணும், இனி வேண்டாம்” என்றார். நான் குசினிக்குள் போய்விட்டேன்.

உங்கள் கடிதத்துக்குப் பிறகு மூன்று நாள் வாய் வரவில்லை. நேற்றுப் பின்னேரம் கிணற்றடியில் நீர்ப்பம்பியைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தார். போய் நின்றேன்.

“வாற சனிக்கிழமை முல்லைத்தீவுக்குப் போறன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள்ளை வந்திடுவன்” என்றேன்.

“ஆரைக் கேட்டனீர்?”

“கேக்கேல்லை. சொல்லுறன்.”

நிமிர்ந்து பார்த்தார். கை முழுக்கக் கிறீஸ். “சனம் என்னைப் பல்லுக்கொதிக்காரன் எண்டு கூப்பிடுது தர்மிளா. உமக்கு அது தெரியுமே?” என்றார். அந்தக் குரல் எனக்குப் புதிது. கோபமாக இருந்திருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

“தெரியாது. நீங்கள் சொல்லேல்லை” என்றேன். “அது உங்களைப் பற்றின நாடகமில்லை.”

“எனக்குத் தெரியும். சனத்துக்குத் தெரியுமே?”

“உங்களைப் பற்றினதும்தான்” என்று என் வாயில் வந்துவிட்டது. “என்னைப் பற்றினதும்தான். நான் ஏன் எப்பவும் கேட்டுக்கொண்டே நிண்டனான்?”

குனிந்து பம்பியைப் பூட்டத் தொடங்கினார். இரவு யதுவோடு மட்டும் கதைத்துக்கொண்டு சாப்பிட்டார். காலையில் தேநீரைக் குடித்துவிட்டு, “யதுவுக்குத் தலை இழுத்துப் பின்ன எனக்குத் தெரியாது” என்றார். மாமி வருகிறா, தனியே பஸ்ஸில் வருகிறா என்றேன். உடனே மச்சாளோடு கதைக்கப் போனை எடுத்தார். “அவா கேக்கேல்லை, சொன்னவா” என்றேன். போனைக் கதிரையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் வெள்ளிக்கிழமை மாங்குளம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தனக்கு ஏதோ வேலை இருக்கிறதாம். நீங்கள் கண்டால் காணாத மாதிரி இருங்கள்.

சந்தோஷம் என்றும் சொல்ல ஏலாது, பயம் என்றும் சொல்ல ஏலாது. ஆனால் நான் போகிறேன்.

தர்மிளா

*

வவுனிக்குளம்
19.10.2024

அன்பின் பிள்ளைக்கு,

கிளிநொச்சியில் நீரும் நாடகக்காரர் எல்லோரும் சுகமாயிருக்க வேண்டும். உழவு வேலைக்கு வந்து நின்ற சிவலட்சுமி நாளைக்கு உங்களிடம் திரும்புகிறாவாம், அவவின் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். நான் சுகம். யது சுகம், முன்பல் முளைத்துவிட்டது. இந்த வீட்டிலிருந்து உமக்குக் கடிதம் எழுதுவது புதினமாக இருக்கிறது. இவ்வளவு காலமும் நீர் இங்கேயிருந்துதான் எனக்கு எழுதினீர்.

மழை தொடங்கிவிட்டது, விதைப்பு நடக்கிறது. பிரதாபன் முதல் இரண்டு நாளும் முகத்தை நீட்டிக்கொண்டு திரிந்தான். பள்ளிக்கூடங்களுக்கு நாடகம் போடப் பத்து நாள் என்றால் பத்து நாளோ என்று என்னைக் கேட்டான். உன்ரை பெண்சாதி உனக்குச் சொன்னதுதானே, என்னை ஏன் கேட்கிறாய் என்றேன். இப்போது காலையில் யதுவுக்கு அவனே தலை இழுக்கிறான். பின்னல் ஒரு பக்கம் கோணல். பிள்ளை பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் “அப்பா இழுத்தவர்” என்று சொல்லித் திரிகிறாளாம். நான் குறுக்கே போகவில்லை. கை துடிக்கிறது, ஆனாலும் போகவில்லை.

கோபம் அவனுக்கு முழுக்கப் போய்விட்டது என்று எழுதமாட்டேன். உரக்கடைக்கு இப்போதும் அவன் போவதில்லை, துணுக்காய்க்குப் போய் வாங்குகிறான். அதற்குக் கொஞ்சக் காலம் எடுக்கும்.

தர்சினி எழுதியிருக்கிறாள். வெளிக்கதவுக்கு இரண்டாவது திறப்பு வெட்டுவித்திருக்கிறார்களாம், தை மாதம் நான் திரும்பப் போகும்போது தருவதற்கு. பார்ப்போம். போவதா இல்லையா என்று நான் இன்னும் யோசிக்கவில்லை.

மற்ற விடயம். முல்லைத்தீவில் உங்களுக்கு இரண்டாம் பரிசு கிடைத்த அன்று யதுவுக்குக் காய்ச்சலென்று நான் வீட்டில் நின்றுவிட்டேன். இந்த நாடகத்துக்காக இவ்வளவு எழுதியும் அதை இன்னும் நான் கண்ணால் பார்க்கவில்லை. புதன்கிழமை கிளிநொச்சியில் நடக்கிறதைப் பார்க்க வருகிறேன். தனியேதான் வரவிருந்தேன். நேற்றுச் சாப்பிடும்போது பிரதாபன், “நானும் வரட்டேயம்மா?” என்று கேட்டான். எனக்குச் சரியாகக் கேட்கவில்லையென்று நினைத்துத் திரும்பவும் கேட்டான். கேட்டது, ஆனாலும் இரண்டாம் தரமும் கேட்கட்டும் என்று இருந்தேன்.

தான் வருவதை உமக்குச் சொல்ல வேண்டாம் என்றான். நான் சொல்கிறேன், மேடையில் நிற்கும்போது திடீரென்று அவனைக் கண்டு நீர் வசனத்தை மறக்கக் கூடாது. அவன் கடைசி வரிசையில் இருப்பான். யதுவும் நானும் முன்வரிசையில் இருப்போம், எனக்கு உங்கள் வாயசைவு தெரிய வேண்டும். விமலேஸ்வரிக்கும் இதைச் சொல்லும். எனக்காக ஒருவரும் கத்தத் தேவையில்லை. வாயை நல்லாகத் திறந்து பேசினால் போதும்.

புதன்கிழமை காண்போம்.
மாமி